முகூர்த்தப் படம் பாதி சாம்பல்: கார்டு இப்போது எங்கே?

கேள்வி: கடந்த தை மாதம் நடந்த என் மகள் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க 85,000 ரூபாய் பேசி, 60,000 முன்பணம் கொடுத்தோம். தாலி கட்டியதிலிருந்து அம்மி மிதித்தது வரை ஒரு படம்கூட முழுதாக இல்லை. மேல்பாதி தெரிகிறது, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். என் மாமியார் அட்சதை போட்ட படமும் அதில் போய்விட்டது. மாசியில் அவர் காலமாகிவிட்டார். "கார்டு கரப்ட் ஆயிடுச்சும்மா, நான் என்ன பண்றது?" என்கிறார் போட்டோகிராபர். தொழில்நுட்பக் கோளாறுக்குப் பொறுப்பல்ல என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருக்கிறது. மீதிப் பணத்தையும் கேட்கிறார். வழக்குப் போடலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போடலாம் அம்மா. ஆனால் அதற்கு முன், அந்த மெமரி கார்டு இப்போது எங்கே இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். அடுத்த கல்யாணத்துக்கும் அதே கார்டைப் போட்டுவிட்டால் உங்கள் படமும் போகும், சாட்சியமும் போகும்.

ஃபார்மட் செய்திருந்தாலும் மனம் விட வேண்டாம். பெரும்பாலும் அழிவது, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டும்தான். மேலே புதுப் படம் பதியும் வரை பழையது அங்கேயே கிடக்கும். முதலில் வேறொரு கார்டு ரீடரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது கெட்டிருந்தால், கார்டில் படம் முழுசாகவே இருக்கும். கார்டிலேயே கெட்டிருந்தால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் போக வேண்டும். அவர் கார்டை அப்படியே முழு நகல் எடுத்து, அந்த நகலில்தான் கை வைக்க வேண்டும். ரா ஃபைலாக எடுத்திருந்தால் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் ஒரு ஜேபெக் முன்னோட்டம் தனியாக இருக்கும். பெரிய படம் கெட்டும் அது பிழைத்ததுண்டு. ஆல்பத்தில் ஒட்டும் அளவுக்காவது உங்கள் மாமியார் கிடைக்கக்கூடும்.

"கார்டு என்னுடையது, தர மாட்டேன்" என்பார். கார்டு அவருடையதுதான். ஆனால் ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் இது இருக்கிறது. கார்டின் நகலைக் கேட்கும்போது இதை எழுத்தில் குறிப்பிடுங்கள்.

இனி வழக்கு. நல்ல கார்டும் ஒரு நாள் கெடும். அதற்காக மட்டும் யாரும் இழப்பீடு தரமாட்டார்கள். அவர் கவனமாக இருந்தாரா என்பதுதான் கேள்வி. தொழில்முறை கேமராக்கள் பலவற்றில் இரண்டு கார்டு ஸ்லாட் உண்டு. ஒரே படத்தை இரண்டிலும் பதியலாம். அப்படி வைத்தாரா? எரர் காட்டிய பிறகும் அதே கார்டில் எடுத்தாரா? பதியும் விளக்கு அணைவதற்குள் கார்டை உருவினாரா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, கவனக்குறைவால் நேரும் இழப்பையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. மனுவுக்கு முன் அவருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி, அதில் இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, கார்டை மாற்றாமல் பாதுகாக்கும்படி எழுதுங்கள்.

ரசீதில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா என்று பாருங்கள். இது முக்கியம். கையெழுத்திட்ட கூரியர் படிவத்தில் பொறுப்பு 100 டாலர் என்று வரம்பு இருந்ததை 1996-இல் உச்ச நீதிமன்றம் பாரதி நிட்டிங் வழக்கில் ஏற்றுக்கொண்டது. நீங்கள் கையெழுத்திடாமல், அவரும் எடுத்துச் சொல்லாமல், அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டது மட்டும் என்றால் உங்கள் பக்கம் வலுவானது. கையெழுத்து இருந்தாலும், கோளாறு வேறு, அசட்டை வேறு என்று வாதாட இடமுண்டு.

நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டு. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அதைத் தாக்கல் செய்ய, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதில் ஃபோனை வைத்திருப்பவரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

மீதி 25,000-ஐ மறுக்கவும் வேண்டாம், இப்போது கொடுக்கவும் வேண்டாம். வரவேற்புப் படங்கள் நன்றாக இருந்தால் அதற்கு அவர் உழைத்திருக்கிறார். படங்களின் நிலை தெரிந்ததும் கணக்குத் தீர்க்கிறேன் என்று எழுதுங்கள்.

மனுவில் "மன உளைச்சல்" என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் படத்தில் யார் இருந்தார், எது சாம்பலாயிற்று, மாமியார் என்று காலமானார் என்பதையெல்லாம் உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். கெட்ட படங்களையும் அச்செடுத்து இணையுங்கள்.