முழு உருவம்

பகாவ்

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. டிராகன் கதைகள் சலித்துவிட்டன, தமிழில் மாய உலக நாவல் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டாய். கூடவே ஒரு நிபந்தனை: “யாரு நல்லவங்க, யாரு கெட்டவங்கன்னு குழப்பக்கூடாது.” நாவல் இருக்கிறதம்மா, நிபந்தனையைத்தான் நீ விட வேண்டும். ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ உன் தம்பி கையில் வருகிறது.

1997-இல் வந்த நூல். சோனா என்றொரு சிவந்த ஆறு, அதன் கரையில் ஒரு கற்பனை நகரம். கோயிலில் மூன்று கருவறைகளுக்கும் நீண்டு படுத்திருக்கிறார் பெருமாள். ஒரு வாசலில் நின்றால் பாதம், இன்னொன்றில் முகம். முழு உருவம் எங்கிருந்தும் தெரியாது. மலைக்குடிகளைக் கேட்டால் அது பெருமாளே இல்லை, தங்கள் மூப்பன் என்பார்கள்.

முதல் பாகத்தில் பழங்கதையாகக் கேட்டவர்கள் இரண்டாம் பாகத்தில் ஆளாகவே வருவார்கள். அஜிதன் என்ற பௌத்தத் துறவி, பவதத்தர் என்ற பண்டிதரை வாதில் வெல்வான். நீயும் கை தட்டுவாய். அந்த வெற்றி பிறகு என்ன ஆகிறதென்று படித்ததும், தட்டிய கை கூசும்.

உன் பூட்டன் கங்காணி, தெரியுமல்லவா? ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, எங்கள் தோட்டத்தில் பெயர் எழுதிக் கொடுத்தவர் அவர். போன பலர் திரும்பவில்லை. அவர் செத்த அன்று, லயத்துக் கிழவி ஒருத்தி வாசலில் மண்ணைத் தூற்றிவிட்டுப் போனாள். இன்னொருத்தி, “என் புருசன் பேர அடிச்சு விட்ட சாமி” என்று காலில் விழுந்து அழுதாள். எனக்குப் பத்து வயது. எவள் பொய் சொல்கிறாள் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆளுக்கொரு வாசலில் நின்று பார்த்தவர்கள்.

முதல் நூறு பக்கம் செம்மண் சடக்கில் மழைநாளில் சைக்கிள் மிதிப்பது போல இருக்கும். இறங்கிவிடாதே. வடமொழிச் சொற்கள் மிரட்டினால் தாண்டிப் போ, பிறகு புரியும்.

பக்க ஓரங்களில் பென்சிலால் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறேன்: ‘அயோக்கியன்’, ‘உத்தமன்’ என்று. பாதி தப்பு. அழிக்காமல், பக்கத்தில் உன் தீர்ப்பையும் எழுதி, தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா.

அன்புடன்,
பெரியப்பா