இந்தியாவில் பிறந்த உங்கள் பிள்ளையின் பிரஜாவுரிமை

இடம்பெயர்ந்து தமிழ்நாட்டில் இருந்த காலத்தில் உங்களுக்குப் பிள்ளைகள் பிறந்திருக்கலாம். இப்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பியுள்ளீர்கள். அவர்கள் எந்த நாட்டுப் பிரஜைகள்?

"இந்தியாவில் பிறந்ததால் இந்தியப் பிரஜை" என்று சிலர் நினைக்கின்றனர். "தாய் தகப்பன் இலங்கையர், ஆகவே பிள்ளையும் தானாகவே இலங்கையர்" என்று வேறு சிலர் நினைக்கின்றனர். இரண்டும் சரியல்ல.

இந்தியச் சட்டம் சொல்வது

1987 ஜூலை 1 இலிருந்து, பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருந்தால் மட்டுமே அங்கு பிறந்த பிள்ளைக்குப் பிறப்பால் பிரஜாவுரிமை உண்டு. 2004 டிசம்பரில் இந்த விதி மேலும் இறுக்கப்பட்டது. ஆகவே இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பிள்ளை எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தது என்பதற்கே அத்தாட்சி. அது பிரஜாவுரிமை தராது.

இலங்கைச் சட்டம் சொல்வது

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவழியால் இலங்கைப் பிரஜையாகலாம். இதற்கு இரண்டு நிபந்தனைகள்:

1. பிள்ளை பிறந்தபோது தந்தை அல்லது தாய் இலங்கைப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். (2003 திருத்தத்திற்கு முன் தந்தை வழியாக மட்டுமே இது கிடைத்தது.)
2. பிறப்பு, இலங்கை அதிகாரிகளிடம் பதிவு செய்யப்பட வேண்டும்.

பதிவுக்கான காலம் ஒரு வருடம். அது கடந்துவிட்டது என்று கைவிட வேண்டாம். தகுந்த காரணம் இருந்தால் காலத்தை நீடிக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. யுத்தத்தால் இடம்பெயர்ந்ததை உங்கள் விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள்.

எங்கே பதிவது?

இன்னும் இந்தியாவில் இருக்கும் உறவினர்கள், புறப்படும் முன்பே சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்தில் பதிவு செய்வது நல்லது. திரும்பி வந்துவிட்டவர்கள் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்கலாம். முதலில் உங்கள் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் அணுகி வழிகாட்டல் பெறுங்கள்.

ஆயத்தப்படுத்த வேண்டியவை

- பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ்
- பெற்றோரின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள்
- பெற்றோரின் விவாகப் பதிவு
- தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு
- முகாமில் வழங்கப்பட்ட குடும்ப அட்டை போன்ற பத்திரங்கள்

எல்லாப் பத்திரங்களிலும் பெயர்கள் ஒரே மாதிரி உள்ளனவா என்று பாருங்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழில் பெயரின் எழுத்தோ முதலெழுத்தோ மாறியிருந்தால் அதை அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மூலப்பிரதிகளைத் தரகர்களிடம் கொடுக்க வேண்டாம்.

மலையக வம்சாவழிக் குடும்பங்கள்

நீங்கள் இந்திய வம்சாவழியினராயின், முதலில் உங்கள் சொந்தப் பிரஜாவுரிமையை உறுதிப்படுத்துங்கள். 1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் இங்கு வசிக்கும் அவர்களது சந்ததியினருக்கும் 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. யுத்தத்தால் இந்தியா சென்றவர்களுக்காக அது 2009 இல் திருத்தப்பட்டது.

ஏன் தாமதிக்கக் கூடாது?

15 வயதானதும் பிள்ளைக்குத் தேசிய அடையாள அட்டை தேவை. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் ஆளடையாளம் கேட்பார்கள். பின்னர் கடவுச்சீட்டு, வாக்குரிமை, அரச தொழில் எல்லாவற்றுக்கும் பிரஜாவுரிமையே அடிப்படை. வளர்ந்த பிள்ளைகள் பதியப்படாமல் இருந்தால் அவர்களுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள்.