மலையணில் தேடும் மகளுக்கு

அன்பு மகள்,

குடும்பிமலைப் பக்கம் மலையணில் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். நல்லது. 2007இல் போர்ச் செய்திகளில் அடிபட்ட பெயர் அது. இனி அணிலுக்காகவும் யாராவது சொல்லட்டும்.

வாவிக்கரைத் தென்னந்தோட்டத்து அணிலைப் பார்த்துப் பழகிய கண் அங்கே உதவாது. அது நம் முற்றத்திலேயே ஓடித் திரியும். மலையணில் பூனையளவு இருக்கும், ஆனால் ஆள் அரவம் கேட்டால் கொப்போடு கொப்பாய் ஒட்டிக்கொண்டு அசையாது. நிலத்தில் இறங்குவதும் அருமை.

ஆகவே முதலில் கூட்டைத் தேடு. இலையும் சுள்ளியும் சேர்த்து உயரத்தில் கட்டியிருக்கும், பெரும்பாலும் பக்கத்து மரங்களின் கொப்புகள் வந்து தொடுகிற இடத்தில். பருந்தோ பாம்போ வந்தால் அடுத்த மரத்துக்குப் பாய வேண்டுமே! முந்தனை ஆறு, மாதுறு ஓயாக் கரைகளில் மருதமரங்கள் நெருங்கி நிற்கும் இடங்களைப் பார். இடையில் ஒரு றோட்டு வெட்டி மேலே வானம் தெரிந்தால் அணிலுக்குப் பாதை அங்கேயே அறுந்துபோகும். அந்த இடைவெளியையும் கொப்பியில் குறி. கூடு இல்லாத மரங்களையும் எழுது. அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே அணில் பல கூடு வைத்திருக்கும் என்பதால், கூட்டை எண்ணி அணிலைக் கணக்கிடாதே.

வெளிநாட்டுக் கைநூல்கள் ஊசியிலைக் காட்டில் கொறித்துப்போட்ட கூம்புச் செதில்களைத் தேடச் சொல்லும். இலங்கையில் ஊசியிலை மரம் இயற்கையாக வளர்வதில்லை, மலைநாட்டுப் பைன் எல்லாம் நட்டது. ஆனாலும் அந்த முறை நல்ல முறை: மரத்தடியில் கொறித்த காயும் தோலும் கிடந்தால் அண்ணாந்து பார். சாப்பிடும்போது வால் கீழே தொங்கும், முதலில் கண்ணில் படுவது அதுதான். நிறத்தில் ஏமாறாதே. மலைநாட்டில் கறுப்பாயிருக்கும் இதே இனம் நம் உலர்வலயத்தில் சாம்பல் கலந்த பழுப்பு.

தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் இது உலகில் வேறெங்கும் இல்லை. தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் இதற்கென்றே சரணாலயம் அமைத்தார்கள். நம் பக்கத்தில் இதைப்பற்றி எழுதியவர்கள் குறைவு, அதனால் உன் கொப்பிக்குப் பெறுமதி அதிகம்.

வெள்ளாப்போடு போ, தனியே போகாதே. வன இலாகாவிடம் அனுமதி எடு. புதிய யானை லத்தி கண்டால் அன்றைக்கு அணில் வேண்டாம், திரும்பிவிடு.

அன்புடன்,
மாமா