எக்ரிமான்ட் ரஸெட்

பளபளக்கும் செவ்வாப்பிள்களையே கண்டு பழகியவர்களுக்கு, இங்கிலாந்தின் எக்ரிமான்ட் ரஸெட் முதற் பார்வையில் உருளைக்கிழங்கின் தாயாதியாகவே தோன்றும். பொன்னும் பழுப்பும் கலந்து சொரசொரக்கும் அதன் தோல் நோயின் விளைவன்று. தக்கை போன்ற திசு மேலே படர்வதால் வரும் ஜாதி ஸ்வபாவம். 1872-இல் முதன்முதலாகப் பதிவான இது ஸஸெக்ஸிலுள்ள பெட்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் பிறந்ததென்பது பொதுவான அபிப்பிராயம். போஜனத்திற்குப் பின் பாலாடைக்கட்டியுடனும் அக்ரூட் பருப்புடனும் இதைத் தின்றவர்கள் அதன் தோற்றத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

மரம் அடக்கமாக, நிமிர்ந்து வளர்வதாகையால் சிறு தோட்டத்திற்கும் ஏற்றது; எம்.26 என்னும் அடிக்கட்டையில் ஒட்டிய கன்றை, இலையுதிர்ந்து உறங்கும் குளிர்காலத்தில், ஒட்டுப் பாகம் மண்ணுக்கு மேலே நிற்கும்படி நடுவதே என் வழக்கம். தனித்து நின்றால் மனம்போலக் காய்க்காது. முன்கூட்டியே பூப்பதால், ஏறக்குறைய அதே சமயத்தில் மலரும் ஜேம்ஸ் கிரீவ் போன்றதொரு துணை மரம் அருகில் இருக்க வேண்டும்.

சொறிநோய்க்கு ஓரளவு ஈடுகொடுக்கும் இந்த ஜாதியைப் பீடிக்கும் பெருங்குறை, சதைக்குள் பழுப்புப் புள்ளிகளாய்த் தோன்றிக் கசக்கும் குழிநோய்தான். கனிக்குப் போதிய சுண்ணாம்புச் சத்து எட்டாமையே அதற்குக் காரணம். அச்சத்து நீருடன் சேர்ந்தே மரத்தில் ஏறுவதாலும், கொழுத்த தளிர்கள் அதைத் தமக்கே இழுத்துக்கொள்வதாலும், மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் பழம் பட்டினி கிடப்பதுண்டு. ஆகவே மரத்திற்கு உபகாரம் செய்வதாக எண்ணித் தழைச்சத்து உரத்தை வாரி இறைப்பதும், குளிர்காலத்தில் கிளைகளை ஒட்ட வெட்டுவதும் வியாதியை வருந்தி அழைப்பதற்குச் சமானம். நான் கவாத்தை மிதமாகவே செய்து, வேனிலில் ஈரம் ஒரே சீராக நிலைக்கும்படி அடிமரத்தைத் தொடாமல் சுற்றிலும் மட்கு பரப்பி, மழை பொய்த்த வாரங்களில் வேர் நனைய நீர் விடுகிறேன். இதற்கு மிஞ்சிய மருந்தை நான் அறியேன்.

செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, உள்ளங்கையில் ஏந்திச் சற்றே உயர்த்தித் திருகினால் காம்போடு எளிதில் கழன்று வரும் பழத்தையே பறிக்க வேண்டும். பிடிவாதமாய்த் தொங்குவதை இன்னும் சில நாள் விட்டுவைக்கலாம். இந்தத் தோல் ஈரத்தைச் சீக்கிரம் விட்டுவிடுவதால், திறந்த தட்டில் பரப்பினால் பழம் சுருங்கும். துளையிட்ட பாலிதீன் பையிலிட்டுக் குளிர்ந்த அறையில் வைத்தால் டிசம்பர் வரையில் ருசி குன்றாது. வசந்தம் வரையில் ஆப்பிள் சேமிக்க விரும்புகிறவர்கள் வேறு ஜாதியைத் தேடிக்கொள்வதே உத்தமம்.