மேடை முதலில்: சின்ன சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் வாடகைக்குக் கிடைக்கும் ஒற்றைப் படுக்கையறை வீடுகளில் சமையலறை பல சமயம் எட்டுக்கு ஆறு அடிதான். குக்கரை இறக்கி வைக்க மிக்ஸியை நகர்த்த வேண்டும், மிக்ஸியை நகர்த்த மாவுப் பாத்திரத்தை எடுக்க வேண்டும். மாவுப் பாத்திரத்துக்கோ போக்கிடமே இல்லை. இந்தக் கட்டத்தில் பெரும்பாலானோர் கடைக்குப் போய் ஒரு ஸ்டாண்டு வாங்கி வருகிறார்கள். அந்த ஸ்டாண்டையும் மேடை மீதே வைக்கிறார்கள்.

சின்ன சமையலறையில் உண்மையான பஞ்சம் மேடைக்குத்தான். காய் நறுக்கவும் சப்பாத்தி தேய்க்கவும் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டடி காலியாக இருந்தால், எட்டுக்கு ஆறிலும் நாலு பேருக்கு மூன்று வேளை சமைக்கலாம். கீழே வரும் படிகளில் பாதி அந்த இரண்டடிக்காக. மீதி, அங்கே நிற்பவரின் முதுகுக்கும் கண்ணுக்கும்.

படி 1: வாங்காதீர்கள், முதலில் பாருங்கள்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி வையுங்கள். ஒன்றை எடுக்க வேறொன்றை நகர்த்த நேரும்போதெல்லாம், நகர்த்திய பொருளின் பெயரை எழுதுங்கள். ஒரு வாரம் போதும், திரும்பத் திரும்ப வரும் மூன்று நான்கு பெயர்கள் தெரிந்துவிடும். அவற்றுக்கு வேறு இடம் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

கூடவே அளவும் எடுத்துவிடுங்கள். தனிச் சாப்பாட்டு இடம் உள்ள வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர், அதாவது சுமார் 54 சதுர அடி இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. எட்டுக்கு ஆறு என்பது 48. சின்னது என்பதாலேயே மோசம் என்று அர்த்தமில்லை. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த புகழ்பெற்ற சமையலறையின் அகலமும் சுமார் 1.9 மீட்டர்தான். ரயில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலறை அவருக்கு முன்மாதிரி. அதை வரைந்த காலத்தில் தாம் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருக்கு இட்லிப் பானை வைக்க இடம் தேட வேண்டியிருக்கவில்லை என்பதும் உண்மை.

படி 2: மேடையைக் காலி செய்யுங்கள்

தினமும் கைபடும் பொருளுக்கு மட்டும் மேடையில் இடம். அடுப்பு, மிக்ஸி, எண்ணெயும் உப்பும் வைத்த ஒரு தட்டு. இவ்வளவுதான். மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் இறங்க வேண்டும்.

முதலில் இறங்க வேண்டியது கிரைண்டர். வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ மாவு அரைக்கும் இயந்திரம் ஏழு நாளும் இரண்டடியைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. கல்லோடு அதைத் தூக்கி உயரத்தில் வைக்காதீர்கள், இடுப்புக்கு நல்லதல்ல. பூட்டும் சக்கரம் வைத்த தாழ்வான ஸ்டாண்டில் மேடைக்குக் கீழே தள்ளி வைத்து, அரைக்கும் நாளில் இழுத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் கேன் ஹாலுக்குப் போகட்டும். ஃப்ரிட்ஜும் அங்கேயே இருக்கலாம், நம் ஊரில் அது ஒன்றும் புதிதில்லை.

அடுத்தது கழுவிய பாத்திரக் கூடை. சிங்க்குக்கு மேலே சுவரில் ஒரு தட்டு ஸ்டாண்டு மாட்டினால் தண்ணீர் நேராகச் சிங்க்கிலேயே வடியும். மேடையும் ஈரமாகாது, கூடையும் வேண்டாம். இந்த வழிகாட்டியில் காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதானால் அதை வாங்கச் சொல்வேன்.

படி 3: கழுவ, நறுக்க, கொதிக்க

காய் போகும் வழி இது. சிங்க், வெற்றிடம், அடுப்பு என்ற வரிசையில் மேடை அமைந்தால் நின்ற இடத்திலிருந்தே சமையல் முடிந்துவிடும். பல வீடுகளில் சிங்க்கை ஒட்டியே அடுப்பு, வெற்றிடம் மறுகோடியில். கழுவிய கீரை சொட்டச் சொட்ட அடுப்பைத் தாண்டிப் போகிறது. அடுப்பை மறுகோடிக்குத் தள்ளிப் பாருங்கள், நடுவில் இடம் பிறக்கும். அதற்கும் வழியில்லாவிட்டால் சிங்க்கின் மேலே பொருந்தி உட்காரும் அளவில் ஒரு நறுக்கும் பலகை செய்துகொள்ளலாம்.

நறுக்கும் வேலைக்குச் சமையலறைதான் வேண்டும் என்பதும் இல்லை. ஹாலில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குபவர் சமையலறையின் பாதி நெரிசலைத் தன்னோடு வெளியே கொண்டுபோய்விடுகிறார்.

அஞ்சறைப் பெட்டி கைநீட்டும் தூரத்தில் இருக்கட்டும். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், ஆவி பட்டு மிளகாய்த்தூள் கட்டி தட்டும்.

படி 4: அலமாரியின் பின்வரிசை

பழைய வீடுகளின் கடப்பா கல் தட்டுகள் ஆழமானவை. டப்பாக்கள் மூன்று வரிசை நிற்கும், மூன்றாவது வரிசை கண்ணில் படாது. இருக்கிற பெருங்காயத்தையே மறுபடி வாங்குவது அதனால்தான். நீளமான தட்டு ஒன்றில் டப்பாக்களை முன்னும் பின்னுமாக அடுக்கி வைத்தால், தட்டையே இழுப்பறைபோல வெளியே இழுக்கலாம். உருண்டை டப்பாவைவிடச் சதுர டப்பா இடத்தைக் குறைவாகத் தின்னும். உள்ளே இருப்பது தெரியும் டப்பாவாக இருந்தால் இன்னும் நல்லது. பாட்டி கொடுத்த எவர்சில்வர் தூக்குகளுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பரணில் முறுக்கு அச்சு, பெரிய உருளி, பண்டிகைப் பாத்திரங்கள். எட்டி எடுக்க முக்காலி தேவைப்படும் எதுவும் வாரத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாததாக இருக்க வேண்டும்.

அரிசியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு 2022இல் ஜிஎஸ்டி வந்ததும், வரியைத் தவிர்க்கக் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. கிலோவுக்குக் கொஞ்சம் மிச்சம்தான். இரண்டு பேர் வசிக்கும் வீட்டில் அந்த மூட்டை மாதக்கணக்கில் மூலையைப் பிடித்திருக்கும், வண்டும் வரும். அந்த மூலைக்கும் வாடகை கொடுக்கிறீர்கள். ஐந்து கிலோ, பத்து கிலோவாக வாங்குங்கள்.

படி 5: கேஸ்

இதில் இடம் மிச்சப்படுத்தும் சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். 14.2 கிலோ சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சிலிண்டரை மேடைக்கடியில் கதவு போட்டு மூடினால் கதவின் அடிப்பாகத்தில் காற்றுத் துளைகள் அவசியம். ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக்கூடாது. படி 3இல் அடுப்பை நகர்த்தும் முன் இதை அளந்துவிடுங்கள். கசிவுக்கு அழைக்க வேண்டிய எண் 1906.

இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் அதை மிக்ஸி பிளக்கில் செருகாதீர்கள். 6 ஆம்பியர் பிளக் சுமார் 1,380 வாட் வரைதான் தாங்கும், அடுப்போ 2,000 வாட் வரை இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் போடச் சொல்லுங்கள்.

படி 6: புகையும் வெளிச்சமும்

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் தாளிக்கும் நெடி ஹால்வரை வருகிறதென்றால், ஃபேனை ஒட்டிய ஜன்னல் திறந்திருக்கிறதா பாருங்கள். ஃபேன் அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பக்கத்து ஜன்னலை மூடி எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வைத்தால், காற்று அடுப்பைக் கடந்து வெளியேறும். இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் வேகம் குறையும். மாதம் ஒருமுறை இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள்.

விளக்கு அறையின் நடுவில் இருக்கிறது, நாம் அதற்கு முதுகு காட்டி நிற்கிறோம். நம் நிழல் நேராக நறுக்கும் பலகையில் விழும். மேடைக்கு மேலே, தட்டின் அடியில் ஒரு எல்இடி பட்டை ஒட்டினால் தீர்ந்தது. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் தவிர்க்கவும்.

படி 7: உயரமும் காலும்

முழங்கையை மடக்கி நில்லுங்கள். அதற்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. மேடைகள் பொதுவாக 32 முதல் 34 அங்குலம். ஐந்தடி உயரமானவருக்கு அதுவே விளிம்புநிலை. மேலே அடுப்பு, அதன்மேல் குழம்புப் பாத்திரம் என்று ஏறினால் கரண்டி பிடிக்கும் கை தோளுயரத்துக்குப் போய்விடும். நிற்கும் நீளம் முழுவதற்கும் ஒரு தாழ்வான, ஆடாத பலகை போடலாம். சின்ன முக்காலி வேண்டாம், கையில் கொதிக்கும் ரசத்தோடு தடுக்கும். உயரமானவர்கள் நறுக்கும் பலகைக்கு அடியில் இரண்டங்குலக் கட்டை வைத்துக்கொள்ளலாம்.

படி 8: வீட்டுக்காரரிடம் பேச்சு

தவணை தவணையாகப் போய்க் கேட்காதீர்கள். எக்ஸாஸ்ட் துளை, ஒரு 16 ஆம்பியர் பிளக், தட்டு ஸ்டாண்டுக்கு நாலு திருகாணி என எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகச் சொல்லுங்கள். ஃபேனும் ஸ்டாண்டும் உங்களுடையவை, போகும்போது கழற்றிக்கொள்வீர்கள். அவர் சம்மதம் சுவரைத் துளைக்க மட்டும்தான் தேவை. அந்தச் சம்மதத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் பிடித்தம் என்ற பேச்சு வந்தால் காட்டலாம்.