வெளிச்சம் எங்கே?

செகந்திராபாத்தில் ஒரு சிறிய வீடு. அங்கே ஒரு பாட்டியும் பேத்தியும் இருக்கிறார்கள். தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் இறந்தபின் பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது.

பாட்டி ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும்.

முன்பு பாட்டி வங்கிக்கு நடந்து போவார். பிறகு விரல் ரேகை வைக்கும் முறை வந்தது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து பாட்டியின் விரல்களும் தேய்ந்துவிட்டன. ரேகை பதியவில்லை. 2021 நவம்பரில் இன்னொரு வசதி வந்தது. ஸ்மார்ட்போனில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கலாம்.

பேத்தி போனை எடுத்தாள். பாட்டி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். போன் முகத்தை ஏற்கவில்லை. மூன்று முறை முயன்றும் பயன் இல்லை. பேத்தி ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். ஜன்னல் பளிச்சென்று தெரிந்தது. பாட்டியின் முகம் கரிச்சட்டி போல் இருந்தது.

“என் மூஞ்சி எங்கேடி?” என்று கேட்டார் பாட்டி.

“போன் பழசு பாட்டி. அதான் இப்படி வருது.”

உண்மையில் குறை போனில் இல்லை. பாட்டி உட்கார்ந்த இடத்தில் இருந்தது.

ராஜா தீன் தயாள்

ஹைதராபாத்துக்கும் புகைப்படத்துக்கும் பழைய உறவு உண்டு. ராஜா தீன் தயாள் என்பவர் 1844இல் மீரட் நகருக்கு அருகே சர்தானாவில் பிறந்தார். ரூர்க்கியில் பொறியியல் படித்தார். இந்தூரில் அரசு வேலை பார்த்தார். அங்கேதான் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். பிறகு ஹைதராபாத்தின் ஆறாவது நிஜாம் மகபூப் அலி கானின் அரண்மனைப் புகைப்படக்காரர் ஆனார். செகந்திராபாத்தில் ஸ்டுடியோ வைத்தார். 1905இல் காலமானார். 2006இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அவர் காலத்தில் செல்போன் இல்லை. கனமான மரப்பெட்டிக் கேமராவில் கண்ணாடித் தகடு வைத்துப் படம் எடுத்தார்கள். படக்காரருக்குப் பகல் வெளிச்சமே பெரிய துணை. அன்றைய ஸ்டுடியோக்களில் கூரையிலோ சுவரிலோ கண்ணாடி பதித்திருப்பார்கள். வெளிச்சம் அதிகமானால் திரைச்சீலையை இழுத்துவிடுவார்கள். குறைந்தால் திறந்துவிடுவார்கள். கருவியைத் தொடும் முன் வெளிச்சத்தைப் பார்த்தார்கள்.

இன்று கேமரா சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. ஆனால் வெளிச்சத்தின் விதி மாறவில்லை.

போன் எப்படிப் படம் பிடிக்கிறது?

போனின் லென்ஸ் வழியாக வெளிச்சம் உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் சிறு தகடு அதைப் பதிவு செய்கிறது. அதுவே படம்.

ஆளுக்குப் பின்னால் பளிச்சென்ற ஜன்னல் இருந்தால், போன் வெளிச்சம் அதிகம் என்று நினைக்கிறது. உள்ளே வரும் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் முகம் கறுத்துவிடுகிறது.

வெளிச்சம் குறைவாக இருந்தால் போன் அதிக நேரம் எடுத்துப் பதிவு செய்கிறது. அந்த நேரத்தில் கை ஆடினால் படம் கலங்கிவிடும். இரவில் எடுக்கும் படங்கள் மங்குவதற்கு இதுவே காரணம்.

நல்ல படம் எடுக்க ஆறு வழிகள்

1. முதலில் லென்ஸைத் துடைக்க வேண்டும். விரல் எண்ணெயும் மாவும் அதில் ஒட்டியிருக்கும். மெல்லிய பருத்தித் துணி போதும்.

2. வெளிச்சம் ஆளின் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலைப் பார்த்தபடி உட்கார வைக்கலாம். படம் எடுப்பவர் ஜன்னல் பக்கம் நிற்க வேண்டும்.

3. உச்சிவெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். மர நிழலோ வாசல் திண்ணையோ நல்லது. காலை, மாலை வெயில் இதமானது.

4. போனை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். முழங்கைகளை உடம்போடு ஒட்டி வைத்தால் கை ஆடாது.

5. விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் பெரும்பாலான போன்களில் தெளிவு குறையும். அதைவிட இரண்டு அடி கிட்டே போவது மேல்.

6. திரையில் தெரியும் முகத்தை விரலால் ஒருமுறை தொட வேண்டும். முகம் தெளிவாகும். வெளிச்சமும் முகத்துக்கு ஏற்றபடி மாறும்.

சார்மினார் முன்னால்

சார்மினார் 1591இல் கட்டப்பட்டது. அதன் நான்கு முகங்களும் நான்கு திசைகளைப் பார்த்திருக்கும். காலையில் கிழக்கு முகத்தில் வெயில் விழும். மாலையில் மேற்கு முகத்தில் விழும். வளையல் கடைகள் நிறைந்த லாட் பஜார் மேற்குப் பக்கம் இருக்கிறது. மாலையில் அங்கே நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். கட்டடம் முழு வெளிச்சத்தில் தெரியும்.

கிட்டே நின்று போனை மேலே சாய்த்தால் கோபுரங்கள் சரிவது போல் தோன்றும். பின்னால் தள்ளி நின்று, போனை நேராகப் பிடிக்க வேண்டும். இரவில் போனின் பிளாஷ் சில அடி தூரம்தான் எட்டும். அது சார்மினார் வரை போகாது.

ஆவணங்களைப் படம் எடுக்கும்போது

ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் போன்றவற்றைப் படம் எடுக்க வேண்டியிருக்கும். தாளை மேசையில் விரித்து வைக்க வேண்டும். நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். கையின் நிழல் தாளில் விழக் கூடாது. பிளாஷ் வேண்டாம். பளபளப்பில் எழுத்து மறைந்துவிடும். நான்கு மூலைகளும் தெரிகின்றனவா, எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் படங்களை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பக் கூடாது.

அனுமதி கேட்பது மரியாதை

தீன் தயாள் 1892இல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்று தனி ஸ்டுடியோ தொடங்கினார். கோஷா முறையில் இருந்த பெண்கள் அங்கே வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஓர் ஆங்கிலப் பெண்மணி அதை நடத்தினார். தன் படத்தை யார் எடுப்பது, யார் பார்ப்பது என்பது அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

இன்றும் அது முக்கியம்தான். வளையல் விற்கும் பெண்ணை எடுப்பதானால் முதலில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பிறர் படத்தை மற்றவர்களுக்கு அனுப்பும் முன்பும் கேட்க வேண்டும்.

பாட்டியின் படம்

பேத்தி முந்தானையால் லென்ஸைத் துடைத்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். இப்போது பாட்டி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

“கண்ணைச் சிமிட்டுங்க பாட்டி.”

பாட்டி சிமிட்டினார். போன் முகத்தை ஏற்றுக்கொண்டது. சற்று நேரத்தில் சான்று எண் செய்தியாக வந்தது. பேத்தி அதை நோட்டில் எழுதி வைத்தாள்.

“அப்படியே இருங்க. இன்னொண்ணு எடுக்கிறேன்.”

“இனி எதுக்குடி?”

“இது ஆபீசுக்கு இல்லை. நமக்கு.”

சுவரில் தாத்தாவின் படம் தனியாகத் தொங்கியது. பாட்டி அதை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைக் கோதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

செய்து பாருங்கள்

1. ஒருவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்து இன்னொரு படம் எடுங்கள். என்ன வேறுபாடு?

2. இரவில் எடுக்கும் படம் ஏன் கலங்குகிறது? இரண்டு வரிகளில் எழுதுங்கள்.

3. உங்கள் வீட்டில் யாருடைய படம் இதுவரை எடுக்கப்படவில்லை? அவரிடம் கேட்டு, ஒரு நல்ல படம் எடுங்கள்.