மெரைன் பிளை என்றார், மழையில் வாய் பிளந்தது

கேள்வி: பழைய தறி வீட்டை இடித்துப் புது வீடு கட்டினேன். முகப்புச் சுவரில், 'மெரைன் பிளை, மழைக்கு அசையாது' என்று ஒப்பந்தக்காரர் பிளைவுட் பலகை அடித்துக் கொடுத்தார். பொருள், கூலி சேர்த்து 1,85,000 ரூபாய், ரொக்கம், பில் இல்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசி மழையிலேயே விளிம்பு உப்பி, அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிட்டது. கேட்டால் 'பார்க்கலாம்' என்கிறார். விழுந்த நான்கு பலகைகளை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டோம். வழக்குப் போடலாமா?
– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: போடலாம். ஆனால் எல்லாம் ஒரு முத்திரையில் இருக்கிறது. மெரைன் பிளை என்றால் பலகையில் ஐ.எஸ். 710 என்று அச்சாகியிருக்க வேண்டும். ஐ.எஸ். 303, எம்.ஆர். என்றிருந்தால் அது அறைக்குள் அலமாரி செய்கிற கமர்ஷியல் பிளை. சொன்னது ஒன்று, அடித்தது வேறு என்று நிரூபித்துவிடலாம். 710 என்றே இருந்தால், வெட்டிய விளிம்பை அடைக்காமல் மழைக்கு விட்டது சேவைக் குறைபாடு என்று வாதாட வேண்டும். அது சற்றுக் கடினம்.

அந்த முத்திரையைத்தான் அடுப்பில் வைத்திருக்கிறீர்கள்! ஜரிகையை உரசிப் பார்க்காமல் வாங்காத ஊர்க்காரர், ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் கொடுத்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. எஞ்சிய பலகைகளையாவது தொடாதீர்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஒன்றைக் கழற்றி, பின்பக்க எழுத்தைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும்.

அடுத்து, கெடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-ன்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். பலகை உப்பிய நாளிலிருந்து எண்ணினால் வரும் ஐப்பசியோடு முடிகிறது. அவருடைய 'பார்க்கலாம்' அதை ஒரு நாள்கூட நீட்டாது, வக்கீல் நோட்டீஸும் நீட்டாது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் தக்க காரணம் வேண்டும், 'நம்பிக் காத்திருந்தேன்' என்பது எடுபடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

பொருளும் வேலையும் அவருடையதே என்பதால் முதல் எதிர்தரப்பு ஒப்பந்தக்காரர். பலகை விற்ற கடையையும் சேர்ப்பதா என்பதை வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. ரொக்கத்துக்குச் சான்றாக, பணம் எடுத்த நாள் பதிவான பாஸ்புக், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அழிக்காதீர்கள். செய்திகளைத் தாக்கல் செய்ய 2023-ன் பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63 சான்றிதழ் வேண்டும்.

கடிதத்தை மட்டும் வைத்து இதற்கு மேல் சொல்வது சரியல்ல. இந்த வாரமே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். போகும்போது முத்திரையுள்ள பலகையையும் எடுத்துப் போங்கள்.